வேதியியலாளரின் அலுவல் கடிதங்கள் (1946–1968): தேதிவாரியாகப் பிரிக்கலாமா, ஃபைலிலேயே விடலாமா?

குடந்தை வாசகசாலை

வணக்கம். கும்பகோணத்தில் நாங்கள் நடத்தும் வாசகசாலைக்கு ஒரு குடும்பத்தார் இரண்டு டிரங்குப் பெட்டிகளைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வேதியியல் பேராசிரியர் 1946 முதல் 1968 வரை நாள்தோறும் நடத்திய அலுவல் கடிதப் போக்குவரத்து முழுவதும் அதில் இருக்கிறது. இயற்கைப் பொருள் வேதியியலில் வெளிநாட்டிலும் மதிக்கப்பட்டவர். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெயரை இங்கே எழுதவில்லை.

வந்த கடிதங்களும், அவர் அனுப்பியவற்றின் கார்பன் நகல்களும் கலந்து, டேக் போட்டுக் கட்டியிருக்கின்றன. சுமார் நாற்பது ஃபைல், ஐயாயிரம் தாள் தேறும். சில ஃபைல்களின் மேல் ஆள் பெயர். சிலவற்றின் மேல் 'தேர்வு', 'கருவி இறக்குமதி', 'மாதிரிகள்' என்று தலைப்பு. ஏழெட்டு ஃபைலில் தலைப்பே இல்லை. குண்டூசிகள் துருப்பிடித்திருக்கின்றன, உறைகளில் ராமபாணம் அரித்த தடம் தெரிகிறது.

அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் கடிதங்களை வைத்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகம் நாள்வாரிப் பட்டியல் ஒன்று செய்திருக்கிறது. ஒரு தேதியை எடுத்தால் அன்று அவர் யாருக்கு எழுதினார், யார் அவருக்கு எழுதினார் என்று தெரிந்துவிடும். இந்தப் பேராசிரியருக்கும் அப்படிச் செய்ய ஆசை. அதற்கு ஃபைல்களைப் பிரித்து எல்லாத் தாளையும் தேதி வரிசையில் அடுக்கிவிடலாம் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா? ஐப்பசி மழைக்குள் எதை முடிக்க வேண்டும்? எங்களிடம் ஏ4 ஸ்கேனர் ஒன்று இருக்கிறது, அது போதுமா?

வெண்ணாறு

டேக்கை அவிழ்க்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் சொன்ன பாலிங் தொகுப்பையே பார்ப்போம். தான் படித்த பல்கலைக்கழகத்துக்கே 1986-ல் அவர் கொடுத்தது, ஐந்து லட்சம் உருப்படிக்கு மேல். அங்கே கடிதங்கள் பெட்டிக்குள் தேதி வரிசையில் இல்லை. எழுதியவரின் பெயரை வைத்து அகர வரிசையில் இருக்கின்றன. சமாதானப் பணி, அறிவியல், பயணம் எல்லாம் தனித்தனிப் பகுதி. நாள்வாரிப் பட்டியல் இவற்றின் மேல் பின்னால் கட்டிய அட்டவணை. தேதி ஓடுவது அட்டவணையில்தான்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 1952-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டியில் புரத அமைப்பைப் பற்றிய கூட்டம். முந்தைய ஆண்டுதான் கோரி, பிரான்சன் இருவரோடும் சேர்ந்து புரதச் சங்கிலியின் சுருள் வடிவமான ஆல்ஃபா ஹீலிக்ஸை வெளியிட்டிருந்தார் பாலிங். அமெரிக்க வெளியுறவுத் துறை பாஸ்போர்ட் கொடுக்கவில்லை, கூட்டத்துக்குப் போக முடியவில்லை. லண்டனோடு நடந்த கடிதம் ஒரு விஷயம், வெளியுறவுத் துறையோடு நடந்த வாதம் இன்னொரு விஷயம். எந்த வாரம் எந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்க்கத் தேதி வரிசை வேண்டும். வெளியுறவுத் துறையோடு நடந்த வாதத்தை முதல் கடிதத்திலிருந்து கடைசி வரை விடாமல் படிக்க ஃபைல் வரிசை வேண்டும். தாள் ஓரிடத்தில்தான் இருக்க முடியும், பதிவேட்டை எப்படி வேண்டுமானாலும் திருப்பி அடுக்கலாம். அதனால் தாளை ஃபைலில் விட்டுவிட்டு, தேதியைப் பதிவேட்டில் பிடியுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. தேதி இல்லாத தாளுக்கு ஃபைலில் அதன் முன்னும் பின்னும் உள்ள தாள்களே சாட்சி. கலைத்தால் அந்தச் சாட்சி போய்விடும். தலைப்பில்லாத ஏழெட்டு ஃபைல்தான் உங்களிடம் இருப்பதிலேயே கவனமாகக் கையாள வேண்டியவை. ஒரு தட்டச்சர் விடுப்பில் போய் இன்னொருவர் வந்தது, பேராசிரியர் வெளிநாடு போயிருந்தபோது தபால் தேங்கியது, இப்படி ஏதோ ஒரு காரணத்தால்தான் அவை சேர்ந்திருக்கும். ஃபைலைப் படித்து முடிக்கும்போதுதான் அது புரியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டேக் இருக்கும்போதே ஒவ்வொரு தாளின் பின்பக்கம் வலது கீழ் மூலையில் 2பி பென்சிலால் ஃபைல் எண், தாள் எண் போடுங்கள்: 17/43 என்பதுபோல. கார்பன் நகலில் எழுதும்போது அழுத்தினால் தாள் கிழியும், அடியில் கண்ணாடித் தகடு வைத்து எழுதுங்கள். மூன்று பக்கக் கடிதத்துக்கு மூன்று எண். இணைப்புக்கும் தனி எண். காலி உறைக்கும்கூட எண் வேண்டும், தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது.

பதிவேட்டை விரிதாளில் வையுங்கள். எழுதிய தேதி, வந்து சேர்ந்த தேதி, வரவா அனுப்பியதா, எதிராளி பெயர், ஊர், எந்தக் கடிதத்துக்குப் பதில், இணைப்பு என்ன, இரண்டு வரியில் விஷயம், ஃபைல்/தாள் எண். இந்த ஒன்பது பத்தியும் போதும், அதிகமாக்கினால் நூறாவது தாளிலேயே அலுத்துப்போகும். 'வந்து சேர்ந்த தேதி' பத்தியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கடல் தபாலில் வந்த கடிதத்துக்கும் விமானத் தபாலில் வந்ததற்கும் நடுவே வாரக்கணக்கில் வித்தியாசம் இருக்கும். அது தெரியாமல் பார்த்தால் பேராசிரியர் இரண்டு மாதம் பதில் போடாமல் இருந்ததுபோல் தோன்றும்.

'எந்தக் கடிதத்துக்குப் பதில்' என்பதுதான் சங்கிலி. அந்தக் கால ஆங்கில அலுவல் கடிதத்தில் எந்தக் கடிதத்துக்குப் பதில் என்று குறிக்கும்போது பெரும்பாலும் மாதப் பெயர் இருக்காது. தேதிக்குப் பின் 'இன்ஸ்டன்ட்' என்பதன் சுருக்கம் இருந்தால் இதே மாதம், 'அல்டிமோ' என்றால் போன மாதம், 'ப்ராக்சிமோ' என்றால் வரும் மாதம். மார்ச் 4-ல் எழுதிய கடிதத்தில் '27 அல்டிமோ' என்றிருந்தால் பிப்ரவரி 27. பதிவேட்டில் முழுத் தேதியாகவே எழுதுங்கள்.

அரிசிலாறு

மழைக்கு முன் முடிக்க வேண்டியதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் அறை ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 65-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். டிஜிட்டல் ஈரமானி ஒன்று வாங்கி பீரோவுக்குள்ளேயே வையுங்கள், அறையில் காட்டுவதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்காது. டிரங்குப் பெட்டி இனி வேண்டாம், அடியில் வேர்க்கும். காற்றுத் துளை உள்ள இரும்பு பீரோ நல்லது. தரையிலிருந்து அரை அடி உயரம், சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி. பரண் வெயிலில் கொதிக்கும், தரைத்தளத்தில் தண்ணீர் புகும். மாடி இருந்தால் மாடியில் உள்சுவர் ஓரமாக வையுங்கள்.

சிலிக்கா ஜெல் பையைத் திறந்த பீரோவில் போட்டால் ஓரிரு நாளில் குடித்து நிரம்பிவிடும். ரப்பர் விளிம்புள்ள மூடிய டப்பாவுக்குள்தான் அதற்கு வேலை. நீல மணியில் நச்சான கோபால்ட் உப்பு இருப்பதால் ஆரஞ்சு நிறத்ததை வாங்குங்கள். நிறம் மாறியதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் திரும்பவும் பயன்படும். அந்துருண்டை பூஞ்சையைத் தடுக்காது. அதன் ஆவி தாளோடு வேலை செய்பவர்களுக்குக் கெடுதல். தஞ்சைப் பக்கம் ஓலைச்சுவடிக்குப் பூசும் எலுமிச்சைப்புல் எண்ணெயைத் தாளில் பூசலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டவே வேண்டாம். ஓலைக்கு அது நெகிழ்வு தரும், தாளில் கறையாக நிற்கும், பிறகு மஞ்சளாகும். வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பீரோ மூலையில் வைப்பதில் தவறில்லை, தாளைத் தொடக்கூடாது.

ராமபாணத்துக்கு உறைகளின் பசைதான் தீனி. பூச்சி நடமாட்டம் இருக்கும் ஃபைலைத் தடித்த பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை ஒட்டி, ஆழ்உறைப் பெட்டியில் (டீப் ஃப்ரீசர்) மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 வரைதான் போகும், அதில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பின் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் குளிர்ந்த தாளில் ஈரம் படியும். கண்ணாடி, மாதிரிக் குப்பி எதுவும் உள்ளே இருக்கக்கூடாது.

துருப்பிடித்த குண்டூசியை உருவாதீர்கள். துரு தாளின் நாரோடு பிடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் வட்டமாகப் பிய்ந்துவரும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் துண்டை முன்னும் பின்னும் செருகித் துருப்பிடியை விடுவியுங்கள். வராவிட்டால் ஊசியை நடுவில் சிறு கட்டரால் வெட்டி இரு பக்கமும் எடுங்கள். ஊசி பிடித்திருந்த தாள்கள் ஒன்றாக இருந்தவை என்பது தெரிய வேண்டும், அவற்றை அமிலமற்ற தாளில் மடித்து ஒரே உறையாக வையுங்கள். செய்தித்தாளோ காக்கிக் கவரோ இதற்கு ஆகாது, இரண்டுமே அமிலம். பருத்திக் கந்தலில் செய்த கைத்தாள் கிடைத்தால் போதும்.

பூஞ்சை ஏற்கெனவே இருந்தால், வெயிலில் போடாமல் நிழலில் மின்விசிறிக் காற்றில் நன்றாக உலர விடுங்கள். உலர்ந்த பிறகுதான் மெல்லிய தூரிகை. ஈரத்தில் தேய்த்தால் தாளுக்குள் இறங்கிவிடும். என்95 முகக்கவசம் கட்டாயம், இடம் திறந்தவெளியாக இருக்கட்டும்.

லேமினேஷன் கடைக்கு ஒரு தாளைக்கூட அனுப்பாதீர்கள். செலோடேப்பும் வேண்டாம்.

குடந்தை வாசகசாலை

இருவருக்கும் மிக்க நன்றி. டேக்கைத் தொடாமல் எண் போட ஆரம்பிக்கிறோம்.

மேலும் சில சந்தேகங்கள். சில நகல்கள் ஊதா நிறத்தில் மங்கியிருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து வந்த சில தாள்கள் பழுப்பேறி, ஓரம் கறுத்து, மொடமொடவென்று இருக்கின்றன. 'மாதிரிகள்' ஃபைலில் ஒரு உறைக்குள் விரல் நீளக் கண்ணாடிக் குழாய், உள்ளே மஞ்சள் படிகம். தேதிகளிலும் குழப்பம்: 7/5/53 என்பது மேயா ஜூலையா? நிறைய கார்பன் நகல்களில் வரிகளுக்கு நடுவே பெரிய வெற்றிடம் இருக்கிறது, ஏதோ அழிந்துவிட்டதா?

கொள்ளிடக்கரை

குழாயிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். குலுக்காதீர்கள், தக்கையைத் திருகாதீர்கள், சுரண்டாதீர்கள். அக்கால இயற்கைப் பொருள் ஆய்வில் ஆல்கலாய்டுகளை (செடிகளில் உள்ள காரத்தன்மைப் பொருள்கள்) அடையாளம் காணப் பிக்ரேட் உப்பாக மாற்றி உருகுநிலை பார்ப்பது வழக்கம். பிக்ரேட்டும் பிக்ரிக் அமிலமும் மஞ்சள், நன்றாகக் காய்ந்தால் உராய்விலும் அதிர்ச்சியிலும் வெடிக்கக்கூடியவை. அது வெறும் ஃபிளேவோனாகவும் (செடிகளில் உள்ள ஒரு வகைப் பொருள்) இருக்கலாம், அதுவும் மஞ்சள்தான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உறையில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு, குழாயைச் சூடும் வெயிலும் படாத இடத்தில் தனியாக வைத்து, பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையிலிருந்து ஒருவரை அங்கேயே வரச்சொல்லுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்டு பேருந்தில் போக வேண்டாம்.

வெற்றிடம் எதுவும் அழிந்ததல்ல. தட்டச்சு இயந்திரத்தில் மூலக்கூறின் கட்டமைப்பு வாய்பாடு அடிக்க முடியாது. தட்டச்சர் இடம் விட்டு அடிப்பார், பேராசிரியர் அசலில் பேனாவால் வளையங்களை வரைந்து கையெழுத்திட்டு அனுப்புவார். நகலில் அது ஏறாது. ஆல்ஃபா, பீட்டா போன்ற கிரேக்க எழுத்துகளும் அப்படியே, கையால் சேர்த்தவை. அதனால் உங்களிடம் இருக்கும் நகல், எதிராளி படித்த கடிதத்தில் ஒரு பகுதிதான். கடைசி நேரத்தில் பேனாவால் எழுதிய பின்குறிப்பும் அசலில் மட்டுமே இருக்கும். பதிவேட்டில் 'வாய்பாட்டுக்கு இடம் விடப்பட்டது' என்று குறித்துவிட்டு, அதே ஃபைலில் பென்சில் வரைவு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது உறையின் பின்புறம் கிறுக்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் எதிராளியின் ஆவணங்கள் எந்த நூலகத்தில் இருக்கின்றன என்று தேடி எழுதிக் கேட்கலாம். ஒருவரின் கடிதப் போக்குவரத்தில் பாதி எப்போதும் அடுத்தவரின் பெட்டியில்தான் கிடக்கும். 1953 மார்ச் 12 அன்று வாட்சன் டிஎன்ஏ அமைப்பை விவரித்து பாலிங் வேலை பார்த்த கால்டெக்கிலேயே இருந்த டெல்ப்ரூக்குக்கு எழுதியபோது, பாலிங்கிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பாலிங்கும் கோரியும் டிஎன்ஏவுக்குத் தங்கள் மூன்று இழை அமைப்பை வெளியிட்டது அதற்கு முந்தைய மாதம். பாலிங்குக்கு வந்த தபாலை மட்டும் வைத்து அந்த மார்ச் மாதத்தை எழுத முடியாது.

தேதிக்கு வருவோம். 7/5/53 அமெரிக்கரிடமிருந்து வந்தால் ஜூலை 5, பிரிட்டனிலிருந்தோ நம்மவரிடமிருந்தோ வந்தால் மே 7. ஜெர்மன், சுவிஸ் கடிதங்களில் நடுவில் ரோமன் எண் இருந்தால் அதுதான் மாதம். தேதியே இல்லாவிட்டால் தபால் தலை உதவும். அணாக் கணக்கு 1957 மார்ச்சோடு முடிந்தது, ஏப்ரல் 1 முதல் நயா பைசா, 1964 ஜூன் முதல் வெறும் பைசா. இன்லேண்டு லெட்டர் 1950 அக்டோபரில் வந்தது, அதற்கு முந்தைய தேதியை அதில் ஊகிக்காதீர்கள். முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972-க்குப் பிந்தையது, யாரோ பின்னால் செருகிய தாள்.

தலைப்புத்தாளும் நல்ல சாட்சி. குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரியிடமிருந்து கடிதம் இருந்து, அதில் ஆந்திரப் பல்கலைக்கழகத் தலைப்பு இருந்தால் 1949 வரை, டெல்லிப் பல்கலைக்கழகம் என்றால் அதற்குப் பிறகு. ஃபிளேவோன் வேலையில் இருந்த எவருக்கும் அவரோடு கடிதம் இருந்திருக்கும் என்பதால் சொல்கிறேன். புனே தேசிய வேதியியல் ஆய்வகம் 1950 ஜனவரியில் திறந்தது. 'இயக்குநர் அவர்களுக்கு' என்று மட்டும் இருந்தால் முதலில் மெக்பெயின், 1952 முதல் ஃபின்ச், 1957 முதல் கே. வெங்கட்ராமன். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் திறந்தது 1953.

விஷயப் பத்தி எழுதுகிறவர்கள் சில வழக்குகளைத் தெரிந்துகொண்டால் பிழை குறையும். 'கலப்பு உருகுநிலை இறங்கவில்லை' என்று ஒருவர் எழுதினால், அனுப்பிய பொருளும் அவரிடம் இருந்த பொருளும் ஒன்றே என்று பொருள். இரண்டு வேறு பொருளைக் கலந்தால் உருகுநிலை இறங்கும், அதனால்தான் சில மில்லிகிராம் மாதிரியைத் தபாலில் அனுப்பிக் கேட்டார்கள். இந்த ஒரு வரிக்காகவே பல கடிதங்கள் நடந்திருக்கும், அதைப் 'பொது விசாரிப்பு' என்று பதிந்துவிடாதீர்கள். மில்லிமைக்ரான் என்பது இன்றைய நானோமீட்டர்தான், எண் மாறாது. பழைய பிரிட்டிஷ் வழக்கில் பொருள் பெயரின் எண்களுக்கு நடுவே முக்காற்புள்ளி இருக்கும், இன்று காற்புள்ளி. கடிதத்தில் உள்ளபடியே எழுதுங்கள், தேடுவதற்காக இன்றைய வடிவத்தையும் பக்கத்தில் சேர்த்துவிடலாம்.

பழுப்பேறிய அமெரிக்கத் தாள்கள் தெர்மோஃபாக்ஸ் நகல்களாகத்தான் இருக்க வேண்டும். வெப்பத்தால் எழுத்து உண்டான தாள், இப்போதும் வெப்பத்தால் கறுத்துக்கொண்டே போகும். அவற்றை முதலில் படம் எடுங்கள். ஊதா நகல் ஸ்பிரிட் டூப்ளிகேட்டர் (ஆல்கஹாலால் படி எடுக்கும் இயந்திரம்) சாயம், வெளிச்சத்தில் வெளிறும், ஆல்கஹால் பட்டால் கரையும். சானிடைசர் பூசிய கையோடு தொடாதீர்கள். கறுப்புக் கார்பன் நகல்தான் இருப்பதிலேயே உறுதி. கரி வெளிறாது, ஆனால் உரசினால் இழுபடும், மேலே பாரம் ஏற்றினால் அடுத்த தாளில் ஒட்டும்.

குடமுருட்டி

ஸ்கேனர் விஷயம். உங்கள் ஏ4 போதாது. அக்கால அலுவலகத் தாள் ஃபுல்ஸ்கேப், நீளம் 13 அங்குலத்துக்கு மேல். ஏ4 கண்ணாடி 11.7 அங்குலம்தான். அடியில் கையெழுத்தும் தட்டச்சரின் பெயர் முதலெழுத்துகளும் வெட்டுப்படும். இடது கீழே சாய்கோட்டுக்குப் பின் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த முதலெழுத்துகள்தான் யார் அடித்தது என்று சொல்லும். ஏ3 தட்டை ஸ்கேனர் கிடைக்காவிட்டால் கேமராவை நிலைத்தாங்கியில் செங்குத்தாகப் பிடித்து, இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து எடுங்கள். ஃபிளாஷ் கூடாது. தாளை உருட்டி இழுக்கும் வகை ஸ்கேனரில் இந்தத் தாள்களைச் செருகவே கூடாது.

300 டிபிஐ, முழு வண்ணம். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நீலப் பென்சில், சிவப்புக் குறி, ரப்பர் முத்திரை எல்லாம் ஒன்றாகிவிடும். மெல்லிய கார்பன் நகல் ஒரு பக்கம் மட்டும் அடித்ததென்றால் பின்னால் வெள்ளைத் தாள் வையுங்கள், எழுத்து எடுப்பாகத் தெரியும். இரு பக்கமும் எழுதிய வான் அஞ்சல் தாளுக்குக் கறுப்புத் தாள், பின்பக்க எழுத்து ஊடே தெரிவது அடங்கும். சுருக்காத டிஃப் கோப்பாக ஏ4 அளவே 26 எம்பி வரும். ஐயாயிரம் தாளுக்கு 130 ஜிபி, ஃபுல்ஸ்கேப்புக்கு இன்னும் கூடும். ஒரு டெராபைட் வட்டு இரண்டு வாங்கி ஒன்றை வேறு ஊரில் வையுங்கள்.

கோப்புப் பெயரில் தேதியோடு ஃபைல்/தாள் எண்ணும் இருக்கட்டும்: 1953-07-05_17_043. நாள் தெரியாவிட்டால் 00. தேதி பின்னால் திருத்தப்பட்டாலும் எண் மாறாது, அதை வைத்துத் தாளைக் கண்டுபிடித்துவிடலாம்.

வெண்ணாறு

குடமுருட்டி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஸ்கேன் செய்ததையெல்லாம் இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். கடிதத் தாள் பெற்றவருடையது, அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். இந்தக் குடும்பம் அனுமதி கொடுக்கக்கூடியது பேராசிரியர் எழுதிய கடிதங்களுக்கு மட்டும். வந்தவற்றுக்கு எழுதியவர் தரப்பில் கேட்க வேண்டும். யார், என்று, எதைப் பற்றி எழுதினார் என்று உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதிய பதிவேட்டை வெளியிடத் தடை இல்லை, நாள்வாரிப் பட்டியலுக்கு அதுவே போதும்.

'தேர்வு' ஃபைல் தனி. முனைவர் பட்டத் தேர்வாளர் அறிக்கை, வேலைக்குப் பரிந்துரை, இதழ்களுக்கு எழுதிய மதிப்பீடு மூன்றும் ரகசியம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. அதில் பேசப்பட்ட மாணவர்கள் இன்றும் இருக்கக்கூடும். எண் போடுங்கள், ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் பதிவேட்டின் பொதுப் படியில் தேதியும் 'தேர்வு சார்ந்தது' என்ற குறிப்பும் மட்டும் இருக்கட்டும். எத்தனை ஆண்டு மூடி வைப்பது என்பதைக் குடும்பத்தாரோடு பேசி, பெட்டிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.